சும்மா கிடந்த அரை மணி

"விலகு கண்ணு" என்றார் துளுக்காணம்.

பிருந்தா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். மூங்கில் தொரட்டி நிமிர்ந்து மேலே போய், மின்கம்பியில் மாட்டியிருந்த கொக்கியைத் தொட்டு ஒரு சுண்டு சுண்டியது. கொக்கி வயரோடு சரிந்து மணலில் விழுந்தது. செஞ்சம்மாவின் குடிசைக்குள் ஓடிக்கொண்டிருந்த மிக்சி பாதி மூச்சில் நின்றது. துளுக்காணம் வயரைச் சுருட்டி, கவிழ்த்து வைத்திருந்த மண்பானைக்கு அடியில் தள்ளினார். தொரட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாய்த்தார். இனி யார் கேட்டாலும் அது புளியங்காய் பறிக்கிற தொரட்டி. அந்தத் திட்டில் ஒரு புளியமரம்கூடக் கிடையாது.

பிருந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள்: 10.12.

ஓடைக்கு அந்தப் பக்கம் கரைமேட்டில், அங்கே காவலுக்கு நிற்கும் பையனின் விசில் எச்சரித்தபடியே, லைன்மேனின் பைக் இறால் பண்ணையை நோக்கிப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பதில்லை.

கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து சகாயராணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிருந்தாவின் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர். கோரைத்திட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் முறை. ஓடையில் முழங்கால் சேற்றில் நடந்து வந்ததில் புடவை ஓரம் கறுத்திருந்தது. மடியில் பிருந்தாவின் ஆய்வேடு.

"எப்பவும் இப்படித்தான் ரெண்டடி தள்ளி நிப்பியா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். ஆய்வாளர் பார்வையாளராக மட்டும் இருப்பார்னு முதல் பக்கத்துலயே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"ம்" என்று சகாயராணி பக்கத்தைப் புரட்டினார்.

கோரைத்திட்டில் நாற்பத்தோரு வீடு. ஆணும் பெண்ணுமாக ஓடையில் இறங்கி, சேற்றைத் துழாவி, கையால் இறால் பிடிப்பவர்கள். அனல்மின் நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் பெரிய கம்பிகள் அவர்கள் தலைக்கு மேல் இரவும் பகலும் முனகிக்கொண்டு போகின்றன. இடம் புறம்போக்கு. பட்டா இல்லை, அதனால் இணைப்பும் இல்லை. இறால் பண்ணைக்குப் போகும் தாழ்வான கம்பியில் கொக்கி போட்டு எடுக்கிற கரண்டுதான். யாருக்கு எவ்வளவு கரண்டு, யார் தலையில் அதன் சாம்பல் என்பதுதான் பிருந்தாவின் ஆராய்ச்சி. ஐந்து வருடம் ஆகிவிட்டது.

காலையில் பஸ்ஸிலேயே அவள் கேட்டுவிட்டாள். உதவித்தொகை கொடுக்கும் அமைப்பு, ஆய்வுக்குள் இருக்கும் வரைபடத்தை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போடச் சொல்கிறது. நாற்பத்தோரு வீடும் நாற்பத்தோரு சிவப்புப் புள்ளி. இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஆய்வு முழுமையில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். பட்டம் போனது போனதுதான். அனுப்பினாலோ, போன வருடம் வேறொரு குப்பத்தில் நடந்தது இங்கேயும் நடக்கலாம். அங்கே இப்படி ஒரு பட்டியல் வெளியே வந்த பத்தாம் நாள் ஜீப் வந்தது. வயரையெல்லாம் அறுத்து அள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

"அனுப்பலாமா மேடம், வேண்டாமா?"

சகாயராணி பஸ் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, "ஊரைப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது ஆய்வேட்டில் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"அந்தத் தொட்டிச் சுவர் மேடம்."

தண்ணீர்த் தொட்டியின் சுவரைச் சுற்றிலும் கரியால் வரைந்த குறிகள். நண்டு, சீப்பு, பிறை, ஏணி, கொக்கு. இறாலைப் போட்டுவைக்கிற ஓலைப் பறிகள் ஒன்றோடொன்று மாறிப் போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. அதையே சுவரிலும் போட்டிருந்தார்கள். ராத்திரி எல்லா வீட்டிலும் ஒரு பல்பு எரியலாம். பகலில் மிக்சி, ஃபேன், சார்ஜர் எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒரு வீடு மட்டும், அரை மணி. அதற்கு மேல் இழுத்தால் பண்ணை டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போகும். பியூஸ் போனால் லைன்மேன் திரும்பிப் பார்ப்பார். தொட்டி விளிம்பில் ஒரு கூழாங்கல் இருக்கும். அது எந்தக் குறிக்கு மேல் இருக்கிறதோ அந்த வீட்டின் முறை. மூன்று நாளில் கல் ஒரு சுற்று வரும்.

சகாயராணி படத்துக்குக் கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தார். "குறிகள் நாற்பத்திரண்டு. குடும்பங்கள் நாற்பத்தொன்று. சைக்கிள் குறியுடைய குடும்பம் இடம்பெயர்ந்திருக்கலாம்."

"ஆமா மேடம்."

"யார் அந்தக் குடும்பம்?"

"தெரியலை. நான் வர்றதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க."

"கேட்டியா?"

"கேள்வித்தாள்ல அந்தக் கேள்வி இல்லை மேடம்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாணவர்கள் சகாயராணிக்கு வைத்திருந்த பட்டப்பெயரே கேள்வித்தாள்தான். அவருக்கு அது தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

சகாயராணி காலில் காய்ந்திருந்த சேற்றை ஒரு கிளிஞ்சலால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டி முடித்து ஓடையைப் பார்த்தார்.

"இந்தச் சேத்துல சைக்கிளா?" என்றார்.

பிருந்தாவுக்குக் காது சூடானது.

பைக் போய்விட்டது. துளுக்காணம் மறுபடி கொக்கியை மாட்டினார். பிருந்தா மறுபடி இரண்டடி தள்ளி நின்று 10.31 என்று எழுதிக்கொண்டாள். மிக்சி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. துளுக்காணம் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் மெல்ல மெல்லத் தூரமாய்ப் போனார்.

செஞ்சம்மா குடிசை வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே பக்கத்து வீட்டுக் காத்தாயி. உள்ளே செஞ்சம்மாவின் மகள் மசாலா அரைத்தாள்.

"அக்கா, அந்த சைக்கிள் குறி யாரோடது?"

"இன்னா சைக்கிளு?"

"தொட்டில. நண்டுக்கும் சீப்புக்கும் நடுவுல."

செஞ்சம்மா காத்தாயியைப் பார்த்தாள்.

"அது சைக்கிளாடி?"

"படிச்ச புள்ள சொல்லுது. சைக்கிளாத்தான் இருக்கும்."

"ஏறி ஓட்டிக்கினு போவேன் அப்போ."

இருவரும் சிரித்தார்கள். காத்தாயிக்குச் சிரிப்பில் இருமல் வந்தது. செஞ்சம்மா இறால் ஈரக் கையை நீட்டி, பிருந்தாவின் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவித் தூக்கிப் பிடித்தாள்.

"ரெண்டு வட்டம். நடுவுல ஒரு கம்பி. சைக்கிளாம்!"

கண்ணாடி இல்லாமல் பிருந்தாவுக்குத் தொட்டி ஒரு சாம்பல் நிறக் கறையாகத்தான் தெரிந்தது. குறி ஒன்றும் தெரியவில்லை.

"எப்போ போட்டீங்க?" என்றாள்.

"நீ வந்த மூணாம் நாளு. துளுக்காணம்தான் கரி எட்தாந்து போட்டான். மடியில பொட்டி வெச்சிக்கினு தட்டிக்கினே இருக்கியே, அதுக்குக் கரண்டு வாணாமா? மொற இல்லாதவங்களுக்குக் குடுக்க மாட்டோம். எங்கப்பனே எழுந்து வந்தாலும் கெடையாது."

இந்தா போடு கண்ணு என்று செஞ்சம்மா அவ்வப்போது சொல்வாள். பிருந்தா அதை விருந்தோம்பல் என்று நினைத்திருந்தாள். அரை மணியில் செஞ்சம்மாவே பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். இந்த ஊரில் லேப்டாப்புக்கு ஒருநாளும் முழுசாக சார்ஜ் ஏறுவதில்லை என்று பிருந்தாவுக்கு ஒரு குறை உண்டு.

"சரி, நான் இல்லாத நாள்ல?"

"இல்லாத நாள்ல இன்னா? கல்லு அங்கியே கெடக்கும். அரை மணி முடிஞ்சா சீப்புக்கு நகத்துவோம்."

"அந்த அரை மணி யாரும் எதுவும் போட மாட்டீங்களா?"

செஞ்சம்மா உரிப்பதை நிறுத்தினாள். ஏதோ தகாததைக் கேட்டவளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"உன் மொறைய நாங்க எப்படி எடுக்கறது?"

"என் மருமவ ஒருவாட்டி எடுத்தா" என்றாள் காத்தாயி. "ஊர்லதான் இல்லியே, மாவு ஆட்டிக்கினா இன்னான்னு போட்டுட்டா. ஒரு சுத்து முழுக்க எங்க ஊட்டுக்கு மொற இல்லேன்னுட்டாங்க. இவதான் மொதல்ல கத்தனது."

"கத்தாத பின்ன?" என்றாள் செஞ்சம்மா. கண்ணாடியைப் பிருந்தாவின் மூக்கில் திரும்ப மாட்டிவிட்டாள். கண்ணாடி முழுக்க இறால் பிசுக்கு.

பிருந்தா படகுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சகாயராணிக்கு யாரோ டம்ளரில் டீ கொடுத்திருந்தார்கள்.

"மேடம், அஞ்சாம் அத்தியாயம்..."

"ம்."

"தப்பு."

"ம்" என்று அவர் டீயை ஊதினார்.

கொக்கி வயர் எல்லா வீட்டுக்கும் பிரிகிற செஞ்சம்மா வீட்டுச் சுவரில் பிருந்தா ஒரு சின்ன மீட்டர் பொருத்தி வைத்திருந்தாள். அவள் ஊரில் இல்லாத நாட்களிலும் அது எழுதிக்கொண்டே இருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் அதில் ஒன்றுமே ஓடியிருக்காது. அதற்கு மௌன அரைமணி என்று பெயர் வைத்து, முப்பது பக்கம் எழுதியிருந்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுப்பதைப் போல இந்த மக்கள் மின்சாரத்துக்கும் ஓய்வு கொடுக்கிறார்கள் என்று. டெல்லிக் கருத்தரங்கில் அதற்குக் கைதட்டினார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் மேடைக்கே வந்து கை குலுக்கினார்.

"எழுதின நாளெல்லாம் இங்கே கல்லு சும்மா கிடந்திருக்கு மேடம். நான் அங்கே உக்காந்து அது என்னன்னு எழுதிட்டிருந்திருக்கேன்."

சகாயராணி தொட்டியைப் பார்த்தார். கல் செஞ்சம்மாவின் ஏணிக்கு மேல் இருந்தது.

"அத்தியாயத்தைத் திருத்திடலாம்" என்றாள் பிருந்தா. "ஆனா வரைபடம்? அஞ்சு மணி மேடம். நீங்க இன்னும் சொல்லலை."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"போட்டுக்கோன்னுதான் சொல்றாங்க. நம்ம புள்ள, கெட்டது பண்ணாதுன்னு சொல்லிட்டாங்க. எல்லா வீட்லயும் சம்மதம் வாங்கிட்டேன். விதிப்படி ஒரு குறையும் இல்லை."

"எத்தனை கைநாட்டு?"

"நாப்பத்தொண்ணு."

"கொடு, பாப்போம்."

பிருந்தா பையிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுத்தாள். சகாயராணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு நீலக் கட்டைவிரல். சேற்றைத் துழாவித் தேய்ந்துபோன விரல்கள். சிலதில் ரேகையே இல்லை. கடைசித் தாளுக்குப் பிறகு ஒரு நிரப்பாத படிவம் மிச்சம் இருந்தது. அதை உருவி எடுத்தார். பிருந்தாவின் பைக்குள் கைவிட்டு மைப்பெட்டியையும் எடுத்தார். மூடியைத் திறந்து, படிவத்தையும் மைப்பெட்டியையும் இருவருக்கும் நடுவே படகின் மேல் வைத்தார்.

"இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கே" என்றார்.

பிருந்தா படிவத்தைப் பார்த்தாள். 'என் வீட்டில் மின்சாரம் எடுக்கப்படும் விதம் பற்றிய விவரங்களை வெளியிடச் சம்மதிக்கிறேன்.' அந்த வரியை எழுதியவளே அவள்தான். நாற்பத்தோரு தடவை வாசித்துக் காட்டியவளும் அவள்தான்.

காற்றில் படிவம் படபடத்தது. சகாயராணி அதன் மேல் ஒரு கிளிஞ்சலை வைத்தார்.

கரைமேட்டிலிருந்து விசில் வந்தது. பண்ணையிலிருந்து பைக் திரும்பிக்கொண்டிருந்தது. துளுக்காணம் ஓடையில் வெகுதூரத்தில், தண்ணீருக்கு மேல் ஒரு தலையாக மட்டும் தெரிந்தார். வாசலில் செஞ்சம்மாவின் இரண்டு கையிலும் இறால். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

பிருந்தா எழுந்தாள். கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, தொட்டிச் சுவரிலிருந்து தொரட்டியை எடுத்தாள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நிமிர்த்தினாள். முதல் சுண்டலில் கொக்கி அசைந்தது. இரண்டாவதில் சரிந்து மணலில் விழுந்தது.

மிக்சி நின்றது. காத்தாயி மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிருந்தா வயரைச் சுருட்டி மண்பானைக்கு அடியில் தள்ளினாள். தொரட்டியைச் சுவரில் சாய்த்தாள். நோட்டு படகின் மேலேயே கிடந்தது; பக்கத்தில், கிளிஞ்சலுக்கு அடியில், கைநாட்டு இல்லாத படிவமும்.