ஒரு காசு ஓடக்கூலி

முன்னொரு காலத்தில், ஆற்றின் இரு கரையிலும் பரந்திருந்த ஒரு நாட்டைச் செம்பியராயன் என்றொரு ராஜா ஆண்டான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் மனசு இளகிய வேகத்தில் ஆணை போட்டுவிடுவான். யோசனை அப்புறம்தான் வரும்.

அந்த வருஷம் பெருவெள்ளம். ஒரு காசு வாங்கிய ஓடக்காரர்கள் ஐந்து காசு கேட்டார்கள். அமைச்சர் தில்லையப்பர்மேல் வெகுநாளாய்ப் பொறாமைப்பட்ட பிரபு குபேரலிங்கம் சபையில் எழுந்தார்.

"பகல்கொள்ளை, மகாராஜா! வெள்ளமானாலும் ஒரு காசுதான் என்று ஆணையிடுங்கள். ஜனங்கள் வாழ்த்துவார்கள்."

ராஜா ஆணையிட்டான், மீறினால் கசையடி. ஜனங்களும் வாழ்த்தினார்கள். மறுநாளே ஓடங்களெல்லாம் கரையேறிவிட்டன. ஒரு காசுக்கு எவன் சுழியில் இறங்குவான்? இப்படி ஆகுமென்று தில்லையப்பருக்குத் தெரியும். ராஜா முகம் சுளிக்காமல் கேட்க ஒரு சந்தர்ப்பம் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் வந்தது அந்தச் சந்தர்ப்பம். அக்கரையிலிருந்த மகளைப் பார்க்க ராஜா துறைக்கு வந்தான். படகு இருந்தது, ஆளில்லை. ஓடக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சலாம்!

"கவலை எதற்கு, மகாராஜா? ஒரு காசு நியாயமான கூலி என்றவர் இங்கேயே இருக்கிறாரே" என்று தில்லையப்பர் துடுப்பைக் குபேரலிங்கத்தின் கையில் திணித்தார். மடியில் ஒரு காசையும் செருகினார்.

குபேரலிங்கம் ஆற்றைப் பார்த்தார். துடுப்பைக் கீழே போட்டார். "ஐயோ, ஐம்பது காசு கொடுத்தாலும் மாட்டேன்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். ஆணை அங்கேயே ரத்தானது. ஐந்து காசுக்குப் படகுகள் இறங்கின. படகு கூடக் கூட, நாலே நாளில் கூலி மூன்று காசானது.

தில்லையப்பருக்குப் போட ராஜா முத்துமாலையை எடுத்தபோது, மருத்துவச்சி பேராச்சி சபைக்குள் வந்தாள்.

"ஆறாம் நாள் அக்கரையில என் அக்கா மக பூரணத்துக்கு இடுப்பு வலி, சாமி. பத்துக் காசைக் கையில வச்சுக்கிட்டு இக்கரையில நின்னேன். ஓடக்கார மாசாணம் வரேன்னுதான் சொன்னான். ஒரு காசுக்கு மேல வாங்கினா கசையடின்னு துறைக் காவக்காரன் விடல. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு."

அமைச்சர் பக்கம் திரும்பினாள். "இப்படி ஆகும்னு உங்களுக்கு எப்போ தெரியும், ஐயா?"

"முதல் நாளே தெரியும், அம்மா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

தில்லையப்பர் தலைகுனிந்தார். "ராஜா சிரிக்கிற நேரம் பார்த்துக் காத்திருந்தேன்."

ராஜாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாலையைக் கீழே வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு எந்த ஆணை வந்தாலும் தில்லையப்பர் அன்றைக்கே எழுந்து, வேடிக்கை இல்லாமல் நேராகப் பேசினார். ராஜாவும் முகம் சுளிக்காமல் கேட்டான். பேராச்சி மட்டும் அந்தத் துறைப் பக்கம் மறுபடி வரவே இல்லை.