மச்சான் கொண்டுவந்த ஹோஸ்

இந்தக் கூத்தைக் கேளுங்கள். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில், ரேஸுக்காக மாற்றிக் கட்டிய காருக்கு, இஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாய், அதாவது ஹோஸ், போட வேண்டியிருந்தது. முதலாளி நஞ்சப்பனின் மச்சான் கிட்டுசாமி, தன் உதிரிபாகக் கடையிலிருந்து பளபளவென்று ஒரு ஹோஸைக் கொண்டுவந்தார்.

"மேலதான் கம்பி வலைங்க, உள்ள மட்ட ரப்பர். ஆயில் சூட்டுல வெடிச்சா இஞ்சினே போயிரும். உள்ள டெஃப்லான் வச்சதுதான் தாங்கும்," என்றாள் மெக்கானிக் மரகதம்.

கிட்டுசாமி தொண்டையைச் செருமினார். "ஏனம்மணி, எனக்கே பாடமா? மாட்டு. இல்லீன்னா வேலையை விட்டு நட."

வீட்டுக்காரியின் அண்ணன் ஆயிற்றே. நஞ்சப்பன் கூரையைப் பார்த்தார்.

மரகதம் அதையே மாட்டினாள். பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டு, ஸ்பேனரும் கையுமாகக் கிட்டுசாமியைக் கும்பிட்டாள்.

"முதல் மரியாதை உங்களுக்குத்தானுங்க. நான் இஞ்சினை முறுக்கறேன். சூடேறி முடியற வரைக்கும் ஹோஸுக்கு நேரா நின்னு ஆசீர்வாதம் பண்ணுங்க."

கிட்டுசாமி ஹோஸைப் பார்த்தார். கஞ்சி போட்ட தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். மெல்ல நகர்ந்து வாசலுக்கே போய்விட்டார்.

"இங்கிருந்தே பண்ணிடறேன், மாப்ளே."

நஞ்சப்பனுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "உங்க வேட்டிக்கே ஆகாதது என் இஞ்சினுக்கு எதுக்குங்க மச்சான்? அம்மணி, அதைக் கழட்டு. நீ சொன்னதையே போடு."

எப்படியும் கழட்ட வேண்டிவரும் என்று, மரகதம் ஸ்பேனரைக் கீழேயே வைக்கவில்லை.