நெடி போன மிளகாய்

முன்னொரு காலத்தில், ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலை, சாரல்கோட்டை அரண்மனை மடைப்பள்ளியில் மூன்று வீசை மிளகாய் வறுபட்டது. வறுத்தவள் பெயர் நாச்சியார். ஒருவரும் இருமவில்லை.

வீட்டில் குழம்புப் பொடிக்கு மிளகாய் வறுத்தவர்களுக்கு இதன் விபரீதம் புரியும். மிளகாய் சட்டியில் விழுந்தால் அடுத்த வீட்டுக்காரர் தும்ம வேண்டும். தெருவில் போகிறவர் திட்ட வேண்டும். அன்றைக்கு அடுப்புக்கு நேரே படுத்திருந்த பூனைகூடக் கண்ணைச் சிமிட்டவில்லை.

"நெடியே வரலையே," என்றாள் நாச்சியார்.

"கண்ணூறு," என்றாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கண்ணூறு பட்டவருக்கு மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டால் நெடி வராது என்பது சாரல்கோட்டையில் எல்லோருக்கும் தெரிந்தது. ராஜாவுக்குச் சுற்றிப் போட்டார்கள். நெடி வரவில்லை. பட்டத்து யானைக்குச் சுற்றிப் போட்டார்கள். நெடி வரவில்லை. சிம்மாசனத்துக்குச் சுற்றிப் போட்டார்கள். நெடி வரவில்லை. மிளகாய்க்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ராஜ்யத்துக்கே கண்ணூறு என்று முடிவு செய்தார்கள்.

மத்தியானமே குறளிமுத்தன் என்ற மந்திரவாதி வந்து சேர்ந்தான். இடுப்பில் ஒரு ஜாடி கட்டியிருந்தான். அதற்குப் பலாக்கட்டையில் மூடி. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அவன் கை அந்த மூடியின் மேலேயே இருந்தது.

"வாசலுக்கு வாசல் திருஷ்டி பொம்மை நிறுத்தணும் மகாராஜா," என்றான். "வைக்கோல் பொம்மை தாங்காது. கண்ணு வச்சது யாரோ, அவங்களையே கல்லாக்கி நிறுத்தணும். ஆளை நான் காட்டறேன்."

ராஜா மருதவேலர் நல்லவர். ஆனால் பயந்தவர். தலையாட்டினார்.

கிழக்கு வாசலில் தண்ணீர் சுமக்கும் பேச்சி கல்லானாள். மிளகாயைப் போட்டுப் பார்த்தார்கள். நெடி வரவில்லை. மேற்கு வாசலில் பூக்கட்டும் செவந்தி கல்லானாள். மிளகாயைப் போட்டுப் பார்த்தார்கள். நெடி வரவில்லை.

"அப்போ அடுப்புகிட்ட நிக்கிறவ கண்ணுதான்," என்றான் குறளிமுத்தன். "திங்கட்கிழமை உச்சி வேளை. வடக்கு வாசல். நாச்சியார்."

கல்லானவர்களின் மிச்ச ஆயுள் எல்லாம் தனக்கு வந்து சேர்கிறது என்பதை அவன் சொல்லவில்லை. மூன்றாவது ஆயுளும் சேர்ந்துவிட்டால் அவனுக்குச் சாவு இல்லை என்பதையும் சொல்லவில்லை.

நாச்சியாருக்கு ஒரு தங்கை, அன்னக்கொடி. இருவரும் சேர்ந்துதான் அரண்மனைக்குப் பொடி இடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி சாமான் அறைக்குள் போனாள். அழுவதற்குத்தான் போனாள். அழுதுகொண்டிருக்கும்போதே பழக்கதோஷத்தில் கை மல்லிப் பானைக்குள் போயிற்று. நாலு மல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாள். மணம் இல்லை.

அழுகையை நிறுத்திவிட்டு ஒரு மிளகைக் கடித்தாள். காரம் இல்லை. பெருங்காயத்தைத் தண்ணீரில் கரைத்தாள். தண்ணீர் பால் போல வெளுத்தது, ஆனால் வாசனை இல்லை.

பழைய சரக்கோ? இல்லை. மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலத்தது, தோலில் பளபளப்புக் குறையவில்லை. மஞ்சளை உடைத்தால் உள்ளே நிறம் அப்படியே இருந்தது. பழசானால் நிறம் வெளுக்கும், மணம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இதிலோ எல்லாவற்றிலும் ஒரே நாளில் போயிருக்கிறது.

"கண்ணூறு மிளகாயைத்தானே புடிக்கும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். "பெருங்காயத்தை எதுக்குப் புடிக்குது?"

"நல்ல கேள்வி," என்றது மல்லிப் பானை.

ஒரு மல்லியின் ஓட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு ஒன்று தலையை நீட்டியது.

"நீயா பேசினே?"

"பானையா பேசும்? வெள்ளிக்கிழமைதான் இங்க குடிவந்தேன். முன்னாடி இந்த வாசனைக்குப் பக்கத்துல வர முடியுமா? இப்ப பங்காளிங்க அத்தனை பேரும் வந்துட்டாங்க. ஒரு மல்லிக்குள்ள ரெண்டு குடும்பம். மச்சான் வேற குறட்டை விடறான்."

"வாசனை எங்க போச்சு?"

"அந்த மந்திரவாதி ஜாடிக்குள்ள. நான் குடிவந்ததுக்கு முந்தின நாள் இந்தச் சன்னல் கட்டையில இருந்தேன். வெளியே நின்னு மூணு தடவை உறிஞ்சான். ஊர்ல இருக்கிற காரம், மணம் அத்தனையும் போச்சு."

"அதை வச்சு என்ன பண்ணுவான்? குழம்பா வைப்பான்?"

"தும்மலுக்குப் பயம், அவ்வளவுதான். அவன் மந்திரத்தை மூணு முறை சொல்லணும். நடுவுல ஒரு தும்மல் விழுந்தாலும் தடை. பொய்த் தும்மல் செல்லாது."

அன்னக்கொடிக்கு விளங்கிற்று. சாரல்கோட்டையில் கிளம்பும்போது யாராவது தும்மினால் வெற்றிலை வாங்கக்கூடப் போகமாட்டார்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். மந்திரத்துக்கும் அதே கதிதான்.

"பலாக்கட்டையைத் துளைப்பியா?" என்று கேட்டாள்.

"துளைக்கலாம். வாசனை திரும்பி வந்தா எங்க வீடு போயிடுமே."

"பழைய மல்லி ஒரு பானை தனியா வைக்கிறேன். வெயில்ல காட்ட மாட்டேன். முறத்துல புடைக்க மாட்டேன்."

"பங்காளிங்களுக்கு?"

"அவங்களுக்கு வேற பானை."

"சரி, வர்றேன்," என்றது வண்டு.

திங்கட்கிழமை காலை அன்னக்கொடி சபைக்குப் போனாள். "மகாராஜா, இது கண்ணூறு இல்லீங்க. எங்க அக்காவை விட்டுடுங்க."

"நெடி வரட்டும்மா," என்றார் ராஜா. "வந்த நிமிஷமே விட்டுடறேன்."

அன்னக்கொடி திரும்பிக் குறளிமுத்தன் காலில் விழுந்தாள். "நீங்களாவது மனசு வைங்க சாமி."

"பைத்தியக்காரப் பொண்ணு," என்று சிரித்தான் அவன். "உங்க அக்கா கோட்டையைக் காக்கப் போறா. பெருமைப்படுவியா, அழுவியா?"

அவன் சிரித்துக்கொண்டிருந்தபோது வண்டு அவள் முந்தானையிலிருந்து ஜாடிக்கு ஏறிவிட்டது.

உச்சி வேளையில் ஊரே வடக்கு வாசலில் கூடியது. குறளிமுத்தன் மந்திரத்தை முதல் முறை சொன்னான். நாச்சியாரின் கால்கள் முழங்கால்வரை கல்லாயின. இரண்டாம் முறை சொன்னான். இடுப்புவரை கல்லாயிற்று.

"கொடி," என்றாள் நாச்சியார், "அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்டி. பாத்துக்க."

அன்னக்கொடி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியில் ஓட்டை தெரியவில்லை.

மூன்றாம் முறை தொடங்கினான். மார்பு கல்லாயிற்று. தோள் கல்லாயிற்று. கழுத்துக்கு ஏறியது. கடைசி எழுத்து அவன் நாக்குக்கு வந்தபோது மூடியின்மேல் ஒரு சிட்டிகை மரத்தூள் உதிர்ந்தது. பின்னாலேயே வண்டு தலைதெறிக்க ஓடியது. அதற்கும் பின்னால் வந்தது நெடி.

ஒரு ராஜ்யத்தின் மிளகாய் நெடி. மந்திரவாதி மூக்கைப் பிடித்தான், வாயைப் பொத்தினான், கண்ணை இறுக்கினான். கடைசி எழுத்துக்குப் பதிலாகத் தும்மல் வந்தது. அடுத்து ராஜா தும்மினார். சேனாபதி தும்மினார். யானை தும்மியதில் முன்வரிசைக்காரர்கள் நனைந்தார்கள்.

நாச்சியார் மேலிருந்த கல் சுண்ணாம்புக் காரை போல உதிர்ந்து விழுந்தது. கிழக்கு வாசல் பக்கமிருந்து, "என் குடத்தை எவ எடுத்தா?" என்று பேச்சியின் குரல் கேட்டது. மேற்கேயிருந்து செவந்தி தும்மும் சத்தம் வந்தது. அறுந்த மந்திரம் போக இடமில்லாமல், சொன்னவன்மேலேயே விழுந்தது. குறளிமுத்தன் வாய் திறந்து, கண் மூடி, தும்முகிற கோலத்திலேயே கல்லானான்.

ஜாடியிலிருந்து மற்ற மணங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சீரகத்தின் மணம் சீரகத்துக்குப் போயிற்று. மிளகின் காரம் மிளகுக்குப் போயிற்று. பெருங்காயத்தின் வாசனை மட்டும் வழி தவறி மந்திரி வீட்டுக்குள் நுழைந்து, இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வந்தது.

ராஜா வெகுநேரம் கண்ணைத் துடைத்தார். "நெடி வந்துடுச்சு," என்றார். "நாச்சியாரை விட்டுடுங்க."

"அவங்க அப்பவே நடந்து போயிட்டாங்க மகாராஜா," என்றான் காவற்காரன்.

மடைப்பள்ளியில் நாச்சியார் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அன்னக்கொடி அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டாள். இருவரும் இருமிக்கொண்டே இருந்தார்கள், இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

"இவ்வளவு நேரம் என்னடி பண்ணுச்சு உன் வண்டு?" என்று கேட்டாள் அக்கா.

"பலாக்கட்டைக்கா. வைரம் பாய்ஞ்சது."

ராஜா அவர்கள் இருவரையும் மடைப்பள்ளிக்கு அதிகாரிகளாக்கினார். திருஷ்டி சுற்றுகிறவர்கள் முதலில் சுற்றாத மிளகாய் ஒன்றைத் தீயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். இரண்டு பானை மல்லி பரணில் ஏறியது. அதை யாரும் திறக்கவில்லை.

நாச்சியார் தன் ஆயுளைத் தானே வாழ்ந்தாள். கல்யாணம் செய்துகொண்டாள், நாலு பிள்ளை பெற்றாள், இரண்டு மருமகள்களோடு சண்டை போட்டாள். அந்த மாசி கழிந்து அறுபத்தோராம் ஆண்டு, ஆவணி மாதம் மூன்றாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வயது எண்பத்தெட்டு.