நடு முட்டு

கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு தொழிற்பயிற்சி மையம். அங்கே பெண்களுக்குக் கொத்தனார் வேலை சொல்லிக்கொடுத்தார் இருதயராஜ். அவருக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் படித்த பன்னிரண்டு பேரில் மூத்தவள் சண்முகக்கனி. அவளுக்கு நாற்பத்தாறு.

இருபத்திரண்டு வருஷம் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தவள். யாரோ கட்டிய சுவர்களுக்கெல்லாம் சாந்து கொண்டுபோய்க் கொடுத்தவள். இனி நாமே கட்டலாம் என்று வந்திருந்தாள். ஆசிரியர் அவளை அக்கா என்றார். அவள் அவரை சார் என்றாள்.

பரீட்சைக்காகப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து மையத்து வளாகத்தில் ஓர் அறை கட்டினார்கள். வாசலுக்கு மேலே சன்ஷேடு போடும் பொறுப்பு சண்முகக்கனிக்கு வந்தது.

"முன்னாடி தூண் கிடையாது. சுவத்துலருந்து நீட்டிக்கிட்டு அதுவா நிக்கணும்," என்றார் இருதயராஜ். "கம்பி மேல்பக்கம் இருந்தாத்தான் இழுத்துப் பிடிக்கும். கீழ இறங்கிருச்சுன்னா, கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான்."

அவளே அளந்தாள். அவளே கம்பி கட்டினாள். அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

கான்கிரீட் போட்ட அன்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட, அவர் பாதியில் போக வேண்டியதாயிற்று. மூலைக்குக் கை எட்டவில்லை. சண்முகக்கனி கம்பிமேல் கால் வைத்து ஏறி நின்று கொட்டினாள். காலடியில் கம்பி அமுங்கியது. கொக்கி போட்டு இழுத்தாள். எழும்பியது, மறுபடி இறங்கியது. அதற்குள் அடுத்த சட்டி வந்துவிட்டது. நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. மேற்பரப்பை வழவழவென்று தேய்த்து முடித்தாள்.

திரும்பி வந்த இருதயராஜ் கேட்டார்.

"எல்லாம் சரியாக்கா?"

"சரி சார்."

பதினான்கு நாளும் அவள் அந்தச் சன்ஷேடுக்குக் கீழே போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

பதினைந்தாம் நாள் காலை கான்கிரீட்டைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க வேண்டும். மறுநாள் பரீட்சை. சன்ஷேடுப் பலகைக்குக் கீழே மூன்று சவுக்குக் கம்புகள் முட்டுக் கொடுத்து நின்றன. இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று.

"போட்டவங்களே பிரிக்கட்டும்," என்று சுத்தியலை அவளிடம் கொடுத்தார் இருதயராஜ். மற்றவர்களை மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, சன்ஷேடுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். வருகைப் பதிவேட்டைப் பிரித்தார்.

"அங்கயா சார் உக்காருதீங்க?"

"நீங்க உங்க வேலையப் பாருங்கக்கா. நான் என் வேலையப் பாக்கேன்."

முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"அந்தோணியம்மாள்."

"இருக்கேன் சார்."

சண்முகக்கனி இடது முட்டின் ஆப்பைத் தட்டினாள். அது சுலபமாகக் கழன்றது. கம்பை உருவித் தரையில் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

"இசக்கியம்மாள்."

"இருக்கேன் சார்."

"மாடத்தி."

"இருக்கேன் சார்."

வலது முட்டுக்குப் போனாள். உள்ளங்கை வியர்த்துச் சுத்தியல் வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டு தட்டினாள். ஆப்பு நகரவில்லை. இன்னொரு தட்டு. கம்பு சாய்ந்து விழுந்தது. அப்போது மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். சன்ஷேடின் பக்கவாட்டில், சுவரோடு சேரும் இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு.

அது முன்பு இருந்ததா? அவளுக்குத் தெரியவில்லை.

"சார், வெளிய வாங்க."

"ஏன்க்கா?"

அவள் மறுபடி அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"இன்னும் நடு முட்டு இருக்குல்லா. தட்டுங்க." அவர் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பூரணம்."

"இருக்கேன் சார்."

நடு முட்டு அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. சண்முகக்கனி சுத்தியலை ஓங்கினாள். கை அப்படியே நின்றது. பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. கடைசியாகச் சேர்ந்தவள் அவள். அவள் பெயர் கடைசியில்தான் இருந்தது.

"சண்முகக்கனி."

அவள் சுத்தியலை இறக்கினாள்.

"சண்முகக்கனியக்கா."

"கம்பி இறங்கிருச்சு சார்," என்றாள். "நான்தான் மிதிச்சேன். தெரிஞ்சேதான் மூடுனேன். வெளிய வாங்க சார், கும்பிடுதேன்."

இருதயராஜ் பதிவேட்டை மூடினார். வெளியே வரவில்லை. எழுந்து, கீழே கிடந்த வலது கம்பைத் தூக்கிப் பழைய இடத்தில் நிறுத்தித் தோளால் முட்டுக் கொடுத்தார்.

"ஆப்பு வைங்க."

அவளும் உள்ளே போனாள். இருவருமாக வலது முட்டை நிறுத்தினார்கள். பிறகு இடது முட்டை. மூன்றும் இறுகிய பிறகுதான் வெளியே வந்தார்கள். அவர் பதிவேட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே குறித்தார்.

மாடத்திதான் முதலில் வெடித்தாள்.

"நாளைக்குப் பரீச்சைய வச்சுக்கிட்டு இப்ப சொல்லுதியே யக்கா! உன்னால பன்னெண்டு பேருக்கும் போச்சே!"

சண்முகக்கனி தலை குனிந்து நின்றாள். இருதயராஜ் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை.

மறுநாள் தேர்வாளர் வந்தார். முட்டுக் கொடுத்த சன்ஷேடைப் பார்த்தார். இருதயராஜ் நடந்ததை மறைக்காமல் சொன்னார். தேர்வாளர் வேலை முடியவில்லை என்று எழுதி, ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க யாரும் சண்முகக்கனியிடம் பேசவில்லை.

அடுத்த நாள் அவள் தனியாகச் சாரத்தில் ஏறினாள். உளியும் சுத்தியலும் வைத்து மேலிருந்து உடைக்கத் தொடங்கினாள். சில்லுகள் தெறித்தன. கொஞ்ச நேரத்தில் மாடத்தி ஒன்றும் பேசாமல் எதிர் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து உடைத்தாள்.

மத்தியானம் கம்பி தென்பட்டது. அடிப் பலகையை ஒட்டிக் கிடந்தது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சண்முகக்கனியின் சுண்டு விரல்கூட நுழையவில்லை. மாடத்தி அதைப் பார்த்தாள். அப்புறம் கீழே, முந்தாநாள் நாற்காலி கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

இருதயராஜ் ஏணியில் ஏறி வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று கேட்டாள் சண்முகக்கனி.

"தெரியாது."

"தெரியாமலா கீழ உக்காந்தீங்க?"

"ஆமா."

"நான் தட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காந்திருக்கலாம்லா சார்?"

இருதயராஜ் ஏணியில் ஒரு படி இறங்கி நின்றார்.

"மழைக்கு இதுக்குக் கீழ ஒதுங்குதவங்க யாருக்கா கேட்டுட்டு ஒதுங்குதாங்க?"