மூன்று மஞ்சள் விளக்குகள்

மங்கையம்மாவின் குடில் கடையத்துக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் இருந்தது. அங்கே தங்கியிருந்த சீடர்களில் ஆறுமுகநயினார்தான் மூத்தவர். அம்மாவைவிடப் பத்து வயதாவது கூடுதல் இருக்கும். அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மனைவி காந்திமதியின் காரியங்கள் முடிந்த மறுவாரம் அவர் தன் காரை ஓட்டிக்கொண்டு குடிலுக்கு வந்து சேர்ந்தார். இறங்கியவர் பிறகு அதில் ஏறவே இல்லை. வண்டி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றது. புளிய இலை உதிர்ந்து கண்ணாடியை மூடியது. ஒரு மழைக்காலம் வந்து போனது.

தூத்துக்குடியில் இருந்த மகள் செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கும் நாளன்று வரச்சொல்லிப் போனில் கூப்பிட்டாள். பார்க்கலாம் என்றார் இவர். அவள் கேட்டாள்.

"அம்மாதான் இல்ல. நீங்க இருந்தும் இல்லையாப்பா?"

பேர் வைக்கும் நாள் காலையில் அவர் கொட்டகைக்குப் போனார். சாவியைத் திருகினார். வண்டியில் உயிரே இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் புது பேட்டரி மாட்டி, சக்கரங்களுக்குக் காற்றும் அடித்தார். இன்ஜின் ஓடியது. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மூன்று மஞ்சள் விளக்குகள் அணையாமல் எரிந்தன. ஒன்றில் ஸ்டீயரிங் படம். ஒன்று பிரேக்குக்கு உரியது. இன்னொன்றில் சறுக்கிப் போகும் கார்.

பயப்பட ஒன்றுமில்லை என்றார் மெக்கானிக். பழைய பேட்டரி அடியோடு செத்துப்போனதில் வண்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது, ஸ்டீயரிங் எப்போது நேராக இருக்கிறது என்பதுகூட இப்போது அதற்குத் தெரியாது, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிவிட்டுக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் தானே அணைந்துவிடும், அணையாவிட்டால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

ஆறுமுகநயினார் ஓட்டவில்லை. ரேடியோவின் முதல் பொத்தானை அமுக்கினார். இரைச்சல் வந்தது. இரண்டாவதிலும் இரைச்சல்தான். காந்திமதி பார்த்துப் பார்த்துப் பதிந்து வைத்திருந்த நிலையங்கள். கடிகாரம் பன்னிரண்டில் மினுக்கிக்கொண்டிருந்தது. இவர் எங்கே போனாலும் தாமதமாகப் போகிறவர் என்பதால் அவள் அதைக் கொஞ்சம் முன்னால் ஓட விட்டிருந்தாள். அது இவருக்கும் தெரியும், ஆனாலும் ஏமாந்து வேகமாகக் கிளம்புவார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவர் இன்ஜினை அணைத்தார். சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு அம்மாவிடம் போனார். அம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வண்டி போகாதும்மா. விளக்கு எரியுது."

"இன்ஜின் ஓடுதா?"

"ஓடுது."

"பிறகு?"

அவர் சொல்ல நினைக்காததை எல்லாம் சொன்னார். ரேடியோவைப் பற்றிச் சொன்னார். கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார். வீட்டில் அவளுடைய சேலைகளை மகள் எடுத்துக்கொண்டாள், மூக்குக்கண்ணாடியை யாரோ எடுத்துக்கொண்டார்கள், அவள் கைபட்டு அப்படியே இருந்தது இந்த வண்டிக்குள் மட்டும்தான், அது தெரியாமல் இத்தனை நாள் கிடக்கவிட்டுவிட்டேன் என்றார்.

"எல்லாம் போச்சு. வண்டி அவளை மறந்துட்டுது."

"வண்டிதானே" என்றார் அம்மா.

கீரையை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். கொட்டகைக்கு நடந்தார். இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார். காந்திமதிக்குப் பிறகு அந்த இருக்கையில் யாரும் உட்கார்ந்ததில்லை. ஆறுமுகநயினார் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஏறினார்.

ஸ்டீயரிங் கனத்தது. இடதுபக்கம் கடைசிவரை திருப்பினார். வலதுபக்கம் கடைசிவரை திருப்பினார். விளக்குகள் அப்படியே எரிந்தன.

"எரியுதும்மா."

"எரியட்டும். போங்க."

மண்பாதை முடிந்து தார்ச்சாலை வந்தது. வயல்களில் நாற்று நட்டிருந்தார்கள். இந்தச் சாலையில் காந்திமதி ஆரஞ்சுப் பழம் உரித்துச் சுளை சுளையாக இவர் வாயில் போட்டுக்கொண்டு வருவாள். வெயில் ஏற ஏற வண்டி முழுக்க அந்தத் தோல் மணக்கும். வழியில் தெரிகிற கோயில் ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், இவருக்கும் சேர்த்து. அவர் அதை அம்மாவிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே ஓட்டினார். பேச்சின் நடுவே ஸ்டீயரிங் கையில் இலகுவானது. பார்த்தபோது ஒரு விளக்கு இல்லை. அடுத்த வளைவு தாண்டி நேரான சாலையில் மற்ற இரண்டும் போயிருந்தன.

முக்கூடல் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கினார்.

"எங்கம்மா?"

எதிர்ப்பக்கம் தனக்குத் திரும்பிப் போக பஸ் வரும் என்றார் அம்மா. இப்படியே போனால் அவர் பொழுது சாய்வதற்குள் தூத்துக்குடி போய்விடலாம் என்றார்.

ஆறுமுகநயினார் மாற்று வேட்டிகூட எடுத்து வந்திருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவர் விளக்குகள் அணைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டகையில இருக்கும்போது எது நேருன்னே இதுக்குத் தெரியலை. இப்ப எப்படிம்மா தெரிஞ்சுது?"

அம்மா கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியே குனிந்து சொன்னார்.

"நிக்கிற இடத்துல நேரு ஏது அண்ணாச்சி? போகும்போதுதானே நேரு."