மாடக்கண்ணு அண்ணாச்சி நூல் பிடித்த தேக்கு

வெள்ளிக்கிழமை புது வீட்டுக்கு வாசல் நிலை வைக்க வேண்டும். தேக்கு நிலைதான் வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். என் கையில் இருந்த காசுக்கு வேப்ப நிலை வாங்குவதே இழுபறி. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாடக்கண்ணு அண்ணாச்சி, "நான் வாரேன்டே, பாதிக் காசுல முடிச்சித் தாரேன்" என்றார். என் புத்தி எங்கே போச்சோ, கூட்டிக்கொண்டு போனேன்.

செங்கோட்டை ரோட்டில் பீர் மைதீன் பாயின் மர டிப்போ. அங்கே உருட்டு மரத்தின் நடுவில் நூலைச் சுற்றி, அதை நாலாக மடித்து அளந்துதான் கன அடி கணக்குப் போடுவார்கள். நூல் குறைந்தால் காசும் குறையும். அண்ணாச்சி கண்ணில் அந்த நூல் பட்டதும் வாய் திறந்துவிட்டது.

"நூல் பிடிக்கது லேசான காரியம் இல்ல. நான் இறுக்குனா மரம் மூச்சை உள்ள இழுத்துக்கிடும். வயித்தை எக்கும். அப்பவே அளந்துரணும்."

அறுவை மிஷின் ஓட்டுகிற தங்கப்பழம், செத்த மரத்துக்கு ஏது மூச்சு என்று கேட்டான். அண்ணாச்சி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். இவனுக்கு இன்னும் தொழில் தெரியவில்லை என்று, அவன் காதில் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னார்.

"ஒரு தடவை மலைக்கு மேல ஏலம். நாலு ஆளு கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத தேக்கு. நூலைச் சுத்தி, காலை முட்டுக் குடுத்து ஒரே இழுப்பு. சுருங்கிச் சுருங்கி குடைக் கம்பு கணக்கா ஆயிப்போச்சு. கம்புக்கு உள்ள காசைக் குடுத்தேன். கக்கத்துல இடுக்கிக்கிட்டு பஸ்ஸுல ஏறிட்டேன். கண்டக்டர் லக்கேஜ்கூடப் போடல, பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு வந்து நூலை அவிழ்த்தாராம். மரம் விட்ட பெருமூச்சில் அடுப்பு அணைந்து, கிழக்குச் சுவர் தெருவில் போய் விழுந்ததாம். அந்த ஒரே மரத்தில் தெரு முழுக்கக் கதவும் ஜன்னலும் போட்டாராம். நானும் அதே தெருதான், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். நீ அப்ப வாடகைக்கு இருந்தாய் என்றார்.

"அதோட விட்டேனா? மிஞ்சின மரத்தூளைத் தோட்டத்துல கொட்டுனேன். நல்ல மழை. விடிஞ்சு பாத்தா, முக்காலி முக்காலியா முளைச்சி நிக்கி."

"நாற்காலி முளைக்கலியா அண்ணாச்சி?" என்றான் தங்கப்பழம்.

"மழை போதல. ஒரு கால் குறைஞ்சு போச்சு."

லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட மரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பார்த்து வைத்திருந்த தேக்கை உருட்டிவிட்டு, நூலை அண்ணாச்சியிடமே நீட்டினார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். நூலைச் சுற்றி, மரத்தில் காலை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். மரம் மூச்சு விட்டதோ என்னவோ, அவருக்கு மூச்சு வாங்கியது.

பாய் பக்கத்தில் வந்து நிதானமாகச் சொன்னார்.

"நல்லா இறுக்குங்க அண்ணாச்சி. நூல் காட்டுத அளவுக்கு மட்டும் காசு தந்தாப் போதும். ஆனா மரத்தையும் அந்த அளவுக்குச் செதுக்கித்தான் தருவேன். மிச்சம் இங்கயே கிடக்கட்டும்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி இழுத்த இழுப்புக்கு என் வீட்டுக்கு நிலை வராது, ஊதுபத்தி ஸ்டாண்டுதான் வரும். வெள்ளிக்கிழமை அதை நட்டு வைத்துப் பொட்டு வைக்கவா? அண்ணாச்சி, விடுங்க என்று கெஞ்சினேன்.

அவர் நூலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை. மெதுவாகப் பிடியைத் தளர்த்தினார்.

"நூலு ஈரமா இருக்கு பாய். நீங்களே அளந்துருங்க."

அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னப் பொய் வந்து அதுவரை நான் கேட்டதில்லை.