ஜல்லிக்குள் ஒரு செடி

“எல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கேன், டீச்சர். ஆனா செடி மாதிரி இல்லை” என்றார் மாசிலாமணி.

சொல்லிவிட்டு, ஆட்டோவில் மடியில் வைத்தே கொண்டுவந்த பலகையைக் குளோரியின் மேஜைமேல் இறக்கினார்.

குளோரிக்கு நாற்பத்தைந்து வயது. வீட்டு மாடியில் பொம்மை ரயில் ஓட்டுகிற டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும், தண்டவாள ஓரத்துப் புல்லும் புதரும் செய்து கொடுப்பவள். பொன்மலையில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் கூப்பிட வராது.

மாசிலாமணிக்கு அறுபத்துமூன்று. கேங் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து ஆட்களோடு தினம் தண்டவாளத்தை நடந்து பார்த்து, கல்லைச் சரிசெய்து, முளைக்கிற களையைப் பிடுங்கி எறிகிற வேலை. முப்பத்தைந்து வருஷம் எறிந்தார்.

குளோரி பலகையைப் பார்த்தாள்.

ஒரு ரயில் பாதை. பாதை ஓரம் தீப்பெட்டி அளவில் ஓட்டு வீடு. கிலோமீட்டர் கல். ஒரு வேப்ப மரம்.

“டிராலி எப்போ வருது, மேஸ்திரி?”

“எந்த டிராலி?”

“இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்ஜினியர் வருவாரே, அந்த டிராலி. ஜல்லியில ஒரு புல்லு இல்லை. செடியெல்லாம் வேலிக்கு அந்தப்பக்கம் ஸ்கூல் அசெம்ப்ளி மாதிரி வரிசையா நிக்குது. ஒண்ணு தும்மினாக்கூட அடிப்பீங்க போல.”

மாசிலாமணிக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்டது.

“என் செக்‌ஷன்ல யாரும் ஒரு குறை எழுதினதில்லை, டீச்சர்.”

“தெரியுது. யாருக்கு இது?”

அவர் வேப்ப மரத்தை விரலால் நிமிர்த்தி வைத்தார்.

“வீட்டுல” என்றார் பிறகு.

வீட்டில் என்றால் வடிவு. அவர் மனைவி. குளியலறைப் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து நாற்பது நாள் ஆகிறது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. எழுந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.

உட்காரவில்லை.

டாக்டர் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. இப்படியே படுத்துக் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், அப்புறம் எலும்பு ஒட்டி என்ன, ஒட்டாமல் என்ன என்று சொல்லிவிட்டார்.

“உக்காரச் சொன்னா, உக்காந்து எதைப் பார்க்கணும்ங்கறா. இந்த வீட்டு ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவரு. அதான், நாங்க இருபத்தெட்டு வருஷம் இருந்த லைன் குவார்ட்டர்ஸைச் செஞ்சு கட்டில் பக்கத்துல வெச்சேன். பார்க்கணும்னா உக்காந்துதானே ஆகணும்.”

“உக்காந்தாங்களா?”

“படுத்தபடியே தலையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தா. ‘உங்க லைனு. நல்லாருக்கு’ன்னா. சுவத்துப் பக்கம் திரும்பிட்டா.”

நல்லாருக்கு என்று சொல்வதில் பெண்களுக்குப் பல விதம் உண்டு. இது உள்ளதிலேயே மோசமான விதம். அது மாசிலாமணிக்கும் புரிந்திருந்தது, அந்த மட்டில் சந்தோஷம்.

“செடி சரியில்லைன்னு நினைக்கிறேன். அதைக் கத்துக்குடுங்க.”

குளோரி ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த லைன் ஓரம் என்னென்ன முளைச்சுது?”

“களை.”

“அது சரி. என்ன களை?”

“களைதான் டீச்சர். குட்டையா ஒரு களை, உசரமா ஒரு களை. முள்ளு வெச்சது ஒண்ணு.”

குளோரி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொண்டிருந்தாலும் தப்பில்லை.

“நாளைக்கு ரயில்வே கேட்டு வரைக்கும் போங்க. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரே ஒரு செடியைப் பார்த்துட்டு வாங்க.”

மறுநாள் போனார். கை நிறையச் செடியோடு வந்தார். வேரில் மண் ஒட்டியிருந்தது.

“பார்க்கச் சொன்னேன்.”

“பார்த்தேன். கை பிடுங்கிருச்சு.”

“நாளைக்கும் போங்க.”

அடுத்த நாள் வெறும் கையோடு வந்து நின்றார். முகத்தில் ஒரு பெருமிதம்.

குளோரி அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். பைக்கு வெளியே ஒரு வேர் எட்டிப் பார்த்தது.

“ஒண்ணே ஒண்ணுதான்” என்றார்.

மூன்றாம் நாள் குளோரி இரண்டு டம்ளர் நிறைய டீ போட்டாள். விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். ஒன்றை அவர் வலது கையிலும் இன்னொன்றை இடது கையிலும் கொடுத்தாள்.

“எனக்கு ஒண்ணு போதும், டீச்சர்.”

“குடிக்கறதுக்கு இல்லை. சிந்தாம கேட்டு வரைக்கும் கொண்டுபோங்க. கீழே வைக்கக் கூடாது. யாருக்கும் குடுக்கக் கூடாது. அப்படியே நின்னு பார்த்துட்டு வாங்க.”

இரண்டு தெரு தாண்டிப் போக வேண்டும். போனார்.

கேட் கீப்பர் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன மேஸ்திரி, டீக்கடை போட்டாச்சா?”

“உன் வேலையைப் பாருடா.”

வேலியோரம் நின்றார். ஜல்லிக்குள் ஒரு செடி நின்றது. கை பரபரத்தது. டீ தளும்பிற்று. கையை அடக்கினார்.

ஒரு வண்டி போனது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எதிர்ப்பக்கம் ஒரு சரக்கு வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி.

வெயில் ஏறிற்று. கேட் கீப்பர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவர் உட்காரவில்லை.

குளோரியின் வீட்டுக்குத் திரும்பியபோது டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. ஏட்டின்மேல் தூசி.

“சொல்லுங்க.”

“இலை பச்சை இல்லை, டீச்சர்.”

“ம்.”

“மேல் பக்கம் செங்கல் நிறம். பிரேக் கட்டைத் தூளு படிஞ்சு கிடக்கு. காத்துல திரும்பும்போது அடியில மட்டும் பச்சை தெரியுது.”

“ம்.”

“நேரா நிக்கலை. வண்டி போற பக்கம் சாஞ்சு நிக்குது. நான் எல்லாத்தையும் குச்சி மாதிரி நட்டு வெச்சிருக்கேன்.”

“வேற?”

“வண்டி வந்தா தரையோட தரையா படுத்துக்குது. செடி போயிருச்சுன்னு நினைச்சேன். வண்டி போனதும் எந்திரிக்குது. உடனே இல்லை. கொஞ்சங் கொஞ்சமா...”

இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

குளோரி டம்ளர்களை வாங்கி உள்ளே போனாள். வேறு டீ போட்டுக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை ஒன்றுதான்.

“குடிங்க. அப்புறம் வேலையைப் பார்க்கலாம்.”

எட்டு நாள் வேலை நடந்தது.

தேங்காய் நாரை மெல்லியதாகப் பிரித்து, நறுக்கி, பசையில் தோய்த்து நட்டால் புல். டீ போட்டு மிஞ்சிய தூளைக் காயவைத்து இறைத்தால் உதிர்ந்த சருகு. மெல்லிய தாளில் குண்டூசித் தலை அளவுக்கு இலை வெட்டி, ஒவ்வொன்றாகச் செப்புக் கம்பியில் ஒட்ட வேண்டும். கடைசியில் செங்கல்லைப் பொடிசெய்து, வாயால் ஊத வேண்டும்.

மாசிலாமணிக்கு விரல் பெரியது. கடப்பாரை பிடித்த விரல். முதல் நாள் வெட்டிய இலை ஒவ்வொன்றும் வாழை இலை மாதிரி இருந்தது.

“பந்தி போடப் போறீங்களா?” என்றாள் குளோரி.

அவர் திரும்ப வெட்டினார்.

ஐந்தாம் நாள் காலை குளோரி வந்து பார்த்தால், முந்தின நாள் ஜல்லியில் நட்ட பதினோரு செடியும் காணவில்லை. மேஜை ஓரத்தில் சின்னக் குவியலாகக் கிடந்தன.

“யாரு பிடுங்கினது?”

“நேத்து கிளம்பும்போது சும்மா ஒரு தடவை பார்த்தேன், டீச்சர். அப்போ...”

“திரும்ப நடுங்க.”

நட்டார்.

எட்டாம் நாள் குளோரி பலகையைச் சுற்றி வந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள்.

“செடி மாதிரி இருக்கு.”

“அப்போ முடிஞ்சுதா?”

குளோரி ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே பஞ்சின்மேல் ஒரே ஒரு செடி. அவள் கையால் செய்தது. கடுகைவிடச் சின்னதாக ஒரு மஞ்சள் பூ.

“இது பாக்கி.”

“எங்க நடணும்?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே டீச்சர்.”

“அந்த வீட்டுல நானா குடியிருந்தேன்? நீங்க விடிஞ்சா லைன்ல நடக்கப் போயிருவீங்க. வீட்டுல இருந்துக்கிட்டு அந்த இடத்தைப் பார்த்தது யாரு?”

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார்.

“அடுப்படி ஜன்னல் லைன் பக்கம்தான்” என்றார் மெதுவாக.

குளோரி தீப்பெட்டியை மூடி அவர் கையில் வைத்தாள். வாசல் வரைக்கும் வந்து ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

வீட்டில் வடிவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் பலகையைக் கட்டிலருகே மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தீப்பெட்டியைத் திறந்து, இடுக்கியால் செடியை எடுத்தார்.

“வடிவு. இதை எங்க வைக்கறது?”

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

“யாரைக் கேக்கறீங்க?”

“உன்னைத்தான்.”

“அதிசயந்தான்.”

“ஆமா.”

அவர் இடுக்கியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“என்ன செடி அது?”

வாயில் வந்த சொல்லை அவர் விழுங்கினார்.

“பேரு தெரியலை. சின்னதா மஞ்சப் பூ இருக்கு.”

வடிவு தலையை மட்டும் திருப்பினாள். இடுக்கி நுனியில் இருந்ததை உற்றுப் பார்த்தாள்.

“மூக்குத்திப் பூ” என்றாள்.

“இதோட பேரா?”

“இத்தனை வருஷம் பிடுங்கினீங்களே, பேரு கேட்டுட்டா பிடுங்குவாங்க?”

“எங்க வைக்க?”

“ஜல்லிக்குள்ள. அடுப்படி ஜன்னலுக்கு நேரா.”

அவர் இடுக்கியைக் கொண்டுபோனார்.

“இங்கயா?”

“இல்லை. இன்னும் தண்டவாளக் கம்பி ஓரமா.”

“வண்டி அடிச்சிரும், வடிவு.”

“வண்டி ஒரு நாளும் அடிச்சதில்லை. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நீங்கதான் அடிச்சீங்க. நானும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், திரும்பத் திரும்ப வந்துச்சு.”

மாசிலாமணி இடுக்கியை அரை விரற்கடை நகர்த்தினார்.

“இங்க?”

“இல்லைங்க.”

“இங்கயா பாரு.”

“படுத்துக்கிட்டு நான் எதைப் பார்க்கறது? அதைக் கீழ வெச்சிட்டு, அந்தத் தலகாணியை எடுத்து என் முதுகுக்குக் குடுங்க.”